பிரதிநிதியும் மனிதனும்: ‘குயர் அஸ் ஃபோக்’ நாடகம் எழுப்பிய விவாதம்

நெடுங்காலமாகக் கலையரங்கின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஒரு மக்கட் பிரிவினர் முதன்முறையாக உள்ளே வரும்போது, அவர்களைக் குறித்து நிற்கும் பாத்திரங்கள் இரட்டைச் சுமையைத் தாங்க நேரிடுகின்றது. கதைக்குள் தமக்குரிய வாழ்வை வாழ்தல் ஒரு சுமை. கதைக்கு வெளியே தம்மைப் போன்றோர் அனைவரதும் நற்பெயரைக் காத்தல் மற்றொரு சுமை. முதலாவதற்கு நாடகாசிரியன் பொறுப்பாளி. இரண்டாவதைப் பார்வையாளரே அப்பாத்திரங்களின் தோளில் ஏற்றி வைக்கின்றனர். அவ்வாறு ஏற்றப்பட்ட சுமை கலைக்கு என்ன செய்கின்றது, பார்வையாளருக்கு என்ன செய்கின்றது என்பதை ஆராய்வதற்கு, 1999ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஒளிபரப்பான ‘குயர் அஸ் ஃபோக்’ என்னும் தொலைக்காட்சி நாடகமும் அதனைச் சூழ்ந்தெழுந்த வாதப் பிரதிவாதங்களும் தக்க சான்றாக அமைகின்றன.

ரஸல் ரி. டேவிஸ் எழுதிய இந்நாடகம் 1999 பெப்ரவரி 23ஆம் திகதி சனல் 4 அலைவரிசையில் ஆரம்பமாகி, வாரத்துக்கு ஒன்றாக எட்டு அங்கங்கள் ஒளிபரப்பாயிற்று. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இரண்டு அங்கங்களைக் கொண்ட தொடர்ச்சியொன்று வெளிவந்தது. மனிதரைப் போல் விசித்திரமானது வேறெதுவுமில்லை என்ற பொருள்படும் வட இங்கிலாந்துப் பழமொழியொன்றிலிருந்து தலைப்பு எடுக்கப்பட்டது. அம்மொழியில் ‘குயர்’ என்ற சொல் விசித்திரத்தையும் குறிக்கும். தன்பாலீர்ப்புக் கொண்டோரை இழித்துரைக்கும் வசையாகவும் வழங்கும். வசையாகிய சொல்லையே தலைப்பாகச் சூடிக்கொண்டமை, இந்நாடகம் எவரிடத்தும் அனுமதி கேட்டு நிற்கப் போவதில்லை என்பதனை முதலிலேயே அறிவித்து விடுகின்றது.

கதைக்களம் மன்செஸ்ரர் நகரின் கனால் வீதி. பழைய கால்வாயொன்றின் ஓரமாக மதுச்சாலைகளும் நடனக் கூடங்களும் நிறைந்து, தன்பாலீர்ப்பாளர் கூடும் இடமாக அவ்வீதி பெயர் பெற்றது. ஸ்ருவார்ட், வின்ஸ் என்னும் இரு நண்பர்கள் நாடகத்தின் நடுநாயகமாவர். ஸ்ருவார்ட் விளம்பரத் துறையில் பெரும் பணம் ஈட்டுபவன், அழகன், விரும்பியதை விரும்பிய கணத்தில் அடைந்து மறுகணம் மறந்துவிடுபவன். வின்ஸ் பேரங்காடியொன்றில் உதவி முகாமையாளன். ‘டொக்டர் ஹூ’ என்னும் பழைய அறிவியற் புனைவுத் தொடரில் பித்துக் கொண்டவன். பதினான்கு வயது தொட்டு ஸ்ருவார்ட்டை மனதுக்குள் நேசித்து, அந்நேசத்தைப் பகிடிக்குள் ஒளித்து வைத்திருப்பவன். இவர்களிடையே பாடசாலை மாணவனாகிய நேதன் வந்து சேர்கிறான். எய்டன் கில்லன், கிரெய்க் கெலி, சார்லி ஹனம் ஆகியோர் முறையே இப்பாத்திரங்களை ஏற்றனர்.

நாடகம் வெளிவந்ததும் வழமையான கண்டனங்கள் எழுந்தன. ஒழுக்கக் காவலர்கள் சீறினர்; முறைப்பாடுகள் அனுப்பப்பட்டன; அனுசரணை வழங்கிய பெக்ஸ் மதுபான நிறுவனம் இடைநடுவில் விலகிக்கொண்டது. இவை எதிர்பார்க்கத் தக்கவை. ஆராயத் தக்கது மற்றொரு திசையிலிருந்து எழுந்த எதிர்ப்பாகும். தன்பாலீர்ப்புக் கொண்ட பார்வையாளர் பலரும், அவர்தம் உரிமைக்காக உழைத்தோர் சிலரும் இந்நாடகத்தைக் கண்டு மகிழ்வதற்குப் பதிலாக மனங்குமைந்தனர். அவர்களுடைய குறைகளைத் தொகுத்து நோக்கின் மூன்றாக அடக்கலாம். போதைப்பொருளும் நிலையற்ற உறவுகளுமே எங்கள் வாழ்வு என உலகம் நம்பிவிடும் என்பது முதலாவது. பதினைந்து வயதுச் சிறுவனை இக்கதைக்குள் இழுத்தமை எங்கள் பகைவரின் கையில் ஆயுதம் கொடுத்தது போலாகும் என்பது இரண்டாவது. எயிட்ஸ் நோயால் ஒரு தலைமுறையே அழிந்த பின்னரும் அந்நோயைப் பற்றி வாய்திறவாத நாடகம் பொறுப்பற்றது என்பது மூன்றாவது.

இக்குறைகளை வெறும் கூச்சத்தின் வெளிப்பாடு எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அவற்றின் பின்னணியிலே சட்டமும் அரசியலும் நின்றன. 1967ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களிடையே தனிமையில் நிகழும் உறவைக் குற்றமென்னும் நிலையிலிருந்து விடுவித்தது. 1994இல் அவ்வயதெல்லை பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. ஆண்-பெண் உறவுக்குரிய வயதெல்லையோ பதினாறு. இவ்வேற்றுமையை நீக்குவதற்குப் பொதுமக்கள் சபை 1998இலும் 1999இலும் இணங்கியபோதும் பிரபுக்கள் சபை இரு முறையும் மறுத்தது. 1999இன் மறுப்பு, நாடகத்தின் இறுதி அங்கம் ஒளிபரப்பான அதே ஏப்பிரல் மாதத்தில் நிகழ்ந்தது. இறுதியில் பிரபுக்களின் இணக்கமின்றியே 2000ஆம் ஆண்டிற் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இதனோடு, உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவித்தலை’த் தடைசெய்த 1988ஆம் ஆண்டின் 28ஆம் பிரிவு 2003 வரை இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்தது. பாடசாலை ஆசிரியர்கள் வாய்திறக்க அஞ்சிய காலம் அது. இறுதி அங்கம் ஒளிபரப்பாகி மூன்று வாரமும் ஆகுமுன், ஏப்பிரல் 30ஆம் திகதி, இலண்டன் சோஹோப் பகுதியில் தன்பாலீர்ப்பாளர் கூடும் மதுச்சாலையொன்றிலே குண்டு வெடித்து மூவர் மாண்டனர்.

இத்தகைய சூழலில், திரையிலே தோன்றும் தம்மவன் ஒருவன் நல்லவனாக இருத்தல் வேண்டும் என எதிர்பார்த்தமை இயல்பே. வழக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது சாட்சிக் கூண்டில் ஏறுபவன் குடித்துவிட்டு வரலாகாது என்று உறவினர் அஞ்சுவது போன்றது அது. ஆயினும் கலைப் படைப்பு சாட்சிக் கூண்டுதானா என்ற வினா இங்கு எழுகின்றது.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்குப் ‘பிரதிநிதி’, ‘வகைமாதிரி’ என்னும் இரு கருத்துகளையும் வேறுபடுத்திக்கொள்ளல் அவசியம். பிரதிநிதி என்பான் ஒரு கூட்டத்தாரால் அனுப்பப்பட்டவன். அவனுடைய நடத்தை கூட்டத்தாரின் கௌரவத்தைப் பாதிக்கும். ஆகவே அவன் குறையற்றவனாக இருத்தல் வேண்டும். வகைமாதிரிப் பாத்திரமோ எவராலும் அனுப்பப்பட்டதன்று. ஒரு குறிப்பிட்ட காலத்தின் சமூக உறவுகள் ஒரு தனிமனிதனுடைய குணத்திலும் செயலிலும் எவ்வாறு முடிச்சிட்டுக் கொண்டன என்பதைக் காட்டும் பாத்திரம் அது. 1888ஆம் ஆண்டு மார்கிரற் ஹார்க்னஸ் என்னும் நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்திலே ஏங்கல்ஸ் யதார்த்தவாதத்தின் இலக்கணமாக வற்புறுத்தியது, வகைமாதிரியான சூழ்நிலைகளில் வகைமாதிரியான பாத்திரங்களைச் சித்திரித்தலையே. அவர் அப்பாத்திரங்களிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை.

ஈழத்துத் தமிழிலக்கியத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. அறுபதுகளில் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுமொழியும் வாழ்வும் சிறுகதையிலும் நாவலிலும் இடம்பெற்ற வேளையில், பழைமைவாதிகள் அவற்றை இழிசனர் இலக்கியம் எனப் பழித்தனர். அப்பழிப்புக்கு மறுமொழியாகச் சிலர் குறையேதுமற்ற தொழிலாளியையும், கோபத்திலும் நிதானம் தவறாத விவசாயியையும் படைக்க முற்பட்டனர். பழித்தவர் மனிதரைக் காண மறுத்தனர். புகழ்ந்தவரோ மனிதரைச் சிலையாக்கினர். இரு சாராரும் விட்டுச் சென்ற வெளியிலேதான் நல்ல எழுத்தாளர் நின்று எழுதினர். ‘குயர் அஸ் ஃபோக்’ நாடகத்தைச் சூழ்ந்த விவாதத்திலும் இதே வடிவம் தென்படுகின்றது.

இந்நோக்கில் ஸ்ருவார்ட்டை அணுகுவோம். அவனை வெறுத்த பார்வையாளர் அவனுடைய தன்னலத்தைச் சுட்டினர். விரும்பியவர் அவனுடைய அஞ்சாமையைப் போற்றினர். இரண்டும் நாடகத்தில் உண்டு. கார் விற்பனைக் கூடமொன்றில் விற்பனையாளன் தன்பாலீர்ப்பாளரை இழித்துப் பேசக் கேட்டதும், தான் ஓட்டிப் பார்க்க எடுத்த ஜீப் வண்டியை அக்கூடத்தின் கண்ணாடிச் சுவருக்குள்ளேயே செலுத்தி விடுகிறான். பார்ப்போர் கைதட்டத் தூண்டும் காட்சி. ஆனால் அதே ஸ்ருவார்ட், வின்ஸின் பிறந்தநாள் விருந்திலே அவன் தன் வேலைத்தலத்தில் மறைத்து வந்த இரகசியத்தைச் சகஊழியை அறியும்படி உடைத்து விடுகிறான். அஞ்சாமை ஓரிடத்தில் நீதியாகவும் மற்றோரிடத்தில் கொடுமையாகவும் வெளிப்படுகின்றது. ஒரே குணம், இரு விளைவு.

இன்னும் நுட்பமான செய்தியொன்று இரண்டாம் தொடரில் வெளிப்படுகின்றது. உலகுக்கே அஞ்சாத ஸ்ருவார்ட் தன் பெற்றோரிடம் மட்டும் உண்மையைச் சொல்லாதிருந்திருக்கிறான். தன் தமக்கையின் மகனான சிறுவன் அதனை வைத்து மிரட்டத் தொடங்கியதன் பின்னரே அவன் வாய்திறக்கிறான். திறக்கும்போது, தன்னைக் குறித்து உலகம் வழங்கும் இழிசொற்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தன்மேற் சூட்டிக்கொள்கிறான். பிறர் எறியவிருக்கும் கல்லைத் தானே முந்திக்கொண்டு எறியும் செயல் அது. அதுவரை கண்ட ஆரவாரம் அனைத்தும் இந்த ஒரு மௌனத்தை மறைப்பதற்காகப் பூண்ட கவசமோ என்ற ஐயம் பார்வையாளனுக்கு அப்போது எழுகின்றது. ‘இவன் எங்களுக்கு அவப்பெயர் தேடித் தருகிறான்’ என்று கூறி ஒதுங்கியோர் இந்த இடத்துக்கு வந்து சேர்வதேயில்லை. இவன் ஏன் இவ்வாறானான் என்று வினவியோரே வந்து சேர்வர்.

வின்ஸின் பாத்திரவார்ப்பு அமைதியானது, அதனாலேயே ஆழமானது. பேரங்காடியிலே அவன் மற்றொருவனாக வாழ்கிறான். ரோஸலி என்னும் சகஊழியை அவன்மேல் அன்பு கொள்கையில், மறுக்கவும் இயலாமல் ஏற்கவும் இயலாமல் தடுமாறுகிறான். அவனுடைய தாய் ஹேஸலோ மகனைப் பற்றி எவ்விதக் கூச்சமுமற்றவள். கனால் வீதிக்கே வந்து அவனுடைய நண்பர்களோடு கூடிக் குதூகலிப்பவள். வீட்டிலே இத்துணை சுதந்திரம் பெற்றவன் வேலைத்தலத்தில் அஞ்சுவானேன்? தொழிலிடத்தின் அச்சத்துக்குத் தாயின் அன்பு மருந்தாவதில்லை என்பதனை நாடகம் பிரசங்கம் எதுவுமின்றி உணர்த்துகின்றது. ஸ்ருவார்ட்டுக்கு இந்த அச்சம் இல்லாமைக்கு அவனுடைய வீரம் மாத்திரம் காரணமன்று. அவனுடைய வருமானமும் காரணமாகும். விளம்பரத் துறையில் உயர்பதவி வகிப்பவன் ஜீப் வண்டியைக் கண்ணாடிக்குள் செலுத்தலாம்; பேரங்காடியின் உதவி முகாமையாளன் அதனைக் கனவு காணலாம். இவ்வர்க்க வேற்றுமையை விவாதித்தோர் மிகச் சிலரே. நற்பெயரைப் பற்றிய கவலை, பொருளாதாரத்தைப் பற்றிய வினாவை மறைத்து விட்டது.

நாடகத்தின் மிக உயர்ந்த கட்டம் பில் என்னும் நண்பனின் மரணத்தோடு தொடர்புடையது. மூன்றாம் அங்கத்திலே பில் முன்பின் அறியாத ஒருவனை வீட்டுக்கு அழைத்து வருகிறான். இருவரும் போதைப்பொருள் உட்கொள்கின்றனர். பில் சமையலறைத் தரையிற் சரிந்து விழ, வந்தவன் அவனுடைய பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறி விடுகிறான். உடல் பல நாள் கழித்தே கண்டெடுக்கப்படுகின்றது. மரணச் சடங்கின் பின்னர் பில்லின் தாய், தன் மகன் பெண்ணொருத்தியோடு குடும்பம் நடத்துபவனாக இருந்திருந்தால் இவ்வாறு மாண்டிருப்பானா என்ற பொருள்பட வின்ஸிடம் வினவுகிறாள். அவளிடம் வெறுப்பில்லை, மகனை ஏற்றுக்கொண்டிருந்தவள் அவள். எனினும் வினா வினாவாகவே நிற்கின்றது. வின்ஸிடம் நிறைவான விடையில்லை. நாடகாசிரியனும் விடையைத் திணிக்கவில்லை.

பகைவரின் வாயிலிருந்து வரக்கூடிய கேள்வியை ஒரு தாயின் வாயில் வைத்தமை இங்கு நோக்கத்தக்கது. பகைவன் கேட்டால் சினத்தோடு மறுக்கலாம். தாய் கேட்டால் யோசிக்கத்தான் வேண்டும். தனிமையில் மாண்டமைக்கு அவனுடைய இயல்பு காரணமா, அவ்வியல்பைக் கொண்டோர் இரவிலும் ஒரு வீதிக்குள்ளும் மட்டுமே கூடலாம் என வகுத்த சமூகம் காரணமா, யாரையும் போல் அவனும் செய்த ஒரு தவறு காரணமா? நற்பிரதிநிதிகள் மாத்திரம் உலாவும் நாடகத்தில் இக்காட்சி பிறந்திருக்காது. பில் போதை அருந்தாதவனாக, அந்நியரை அழைத்து வராதவனாகப் படைக்கப்பட்டிருப்பான். தாயின் வினாவும் கேட்கப்படாமலே போயிருக்கும்.

ஆயினும் விவாதித்த பார்வையாளர் முற்றிலும் தவறிழைத்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. அவர்களுடைய மூன்று குறைகளுள் முதலாவது மேற்கூறியவாறு வலுவிழக்கின்றது. இரண்டாவது அவ்வாறன்று. பதினைந்து வயதுச் சிறுவனுக்கும் முப்பதை நெருங்கும் மனிதனுக்குமிடையே உள்ள அதிகார வேற்றுமையை நாடகம் போதியளவு எடைபோடவில்லை. நேதனின் துணிச்சலையும் குறும்பையும் முன்னிறுத்தி, ஸ்ருவார்ட்டின் பொறுப்பைப் பின்தள்ளி விடுகின்றது. வயது வந்தவனின் பொறுப்பு, சிறுவனின் விருப்பத்தாற் கரைந்துபோவதன்று. நேதனின் தாய்க்கு ஓரளவு குரல் கொடுக்கப்பட்டிருப்பினும், அக்குரல் நாடகத்தின் வேகத்துக்குள் அமிழ்ந்து விடுகின்றது. இவ்விடத்தில் எழுந்த எதிர்ப்பு நற்பெயரைப் பற்றியது மட்டுமன்று, அறம் சார்ந்தது. பகைவர் பயன்படுத்துவர் என்பதற்காக ஓர் உண்மையான குறை குறையில்லாமற் போய்விடாது.

மூன்றாவது குறையாகிய எயிட்ஸ் பற்றிய மௌனம் மேலும் சிக்கலானது. இம்மௌனம் தற்செயலானதன்று. தன்பாலீர்ப்பாளரின் வாழ்வை நோயினால் மட்டும் வரையறுக்க மறுத்தே தாம் அதனைத் தவிர்த்ததாக டேவிஸ் பின்னர் விளக்கினார். அதன் நியாயத்தை உணர்தல் கடினமன்று. 1980கள் தொட்டு மேனாட்டுத் திரையில் இத்தகைய மனிதன் தோன்றினால் இறுதிக் காட்சியில் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பான் என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. பார்வையாளரின் இரக்கத்தைப் பெறுவதற்கு அவன் சாக வேண்டியிருந்தது. ஸ்ருவார்ட்டும் வின்ஸும் இரக்கம் கேட்கவில்லை. ஆடினர், சண்டையிட்டனர், உயிரோடு இருந்தனர். எனினும் அந்நோயினால் நண்பரை இழந்த பார்வையாளனுக்கு இம்மறுப்பு, இறந்தோரின் பெயர் உச்சரிக்கப்படாத விருந்தாகத் தோன்றியதிலும் நியாயம் உண்டு.

இவ்விடத்தில் அமெரிக்க வடிவத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். 2000ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 2005 வரை ஷோரைம் அலைவரிசையில், பிற்ஸ்பேர்க் நகரைக் களமாகக் கொண்டு இந்நாடகம் மீள உருவாக்கப்பட்டது. எயிட்ஸ் நோயைக் கருவாகக் கொண்ட ஆரம்பகாலத் தொலைக்காட்சித் திரைப்படங்களுள் ஒன்றான ‘அன் ஏர்லி ஃபுரொஸ்ற்’ (1985) என்பதை எழுதிய ரொன் கோவன், டானியல் லிப்மன் ஆகிய இருவரே இதற்கும் பொறுப்பாயிருந்தனர். சிறுவனின் வயது பதினேழாக உயர்த்தப்பட்டது. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் விக், பென் ஆகிய பாத்திரங்கள் சேர்க்கப்பட்டன. பென் பல்கலைக்கழகப் பேராசிரியன். பிரித்தானியப் பார்வையாளரின் குறைகள் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் தேடப்பட்டது போன்று இது அமைந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட அங்கங்களாக விரிந்த இவ்வடிவம் பலருக்குத் துணையாகவும் தகவலாகவும் அமைந்தமையை மறுக்கவியலாது. ஆனால் பல இடங்களிற் பாத்திரங்கள் ஒரு பிரச்சினையை விளக்குவதற்கெனவே எழுந்து நிற்கின்றன. பென் நோயோடு வாழ்வதன் கண்ணியத்தை எடுத்துரைக்க வந்தவனாகிறான். குறைகளுக்கு விடையளித்தல் வேறு. வாழ்வைக் காட்டுதல் வேறு என்பதற்கு இது சான்று.

மௌனத்துக்கு உண்மையான விடை இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் டேவிஸின் கையிலிருந்தே வந்தது. 2021 ஜனவரியில் அதே சனல் 4இல் ஒளிபரப்பான ‘இற்ஸ் எ சின்’ என்னும் ஐந்து அங்க நாடகம், 1981 முதல் 1991 வரையான இலண்டனில் ஒரே வீட்டிற் குடியிருக்கும் நண்பர் குழுவின் கதையாகும். நடிகனாக விழையும் ரிச்சி, தையற்கடையிற் பயிலுநனாகச் சேரும் கொலின், வீட்டை விட்டு வெளியேறிய ரொஸ்கோ, இவர்களைத் தாங்கி நிற்கும் தோழி ஜில் ஆகியோர் அதில் வருகின்றனர். இங்கும் டேவிஸ் நற்பிரதிநிதிகளைப் படைக்கவில்லை. ரிச்சி நோயைப் புரளி என்று எள்ளி நகையாடுகிறான்; தனக்கு நோயுண்டு என ஐயுற்ற பின்னரும் பிறரை ஆபத்துக்குள்ளாக்குகிறான். நண்பர் குழுவிலே அடக்கமும் கூச்சமும் மிக்க கொலினே முதலில் மாள்கிறான். நன்னடத்தை உள்ளவன் பிழைப்பான் என்ற ஆறுதலைப் பார்வையாளனுக்கு அளிக்க நாடகம் மறுக்கின்றது.

இந்நாடகமும் விவாதத்தை எழுப்பியது. ஜில்லுக்கென்று சொந்த வாழ்வே இல்லையே, அவள் பிறருக்காகவே படைக்கப்பட்ட புனிதவதியா என்று பலர் வினவினர். இறுதியில் ரிச்சியின் தாய் வலெரி, சாகும் மகனை நண்பர்களிடமிருந்து பிரித்துத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறாள். அவன் இறந்த பின்னர், அவன் உள்ளத்தில் வெட்கத்தை விதைத்தவள் நீயே என்று ஜில் அத்தாய் மீது குற்றம் சாட்டுகிறாள். துயருற்ற தாயிடம் இவ்வாறு கூறல் தகுமா என்று சிலர் வாதிட்டனர். கூறியே ஆகவேண்டும் என்று சிலர் வாதிட்டனர். ‘குயர் அஸ் ஃபோக்’ நாடகத்திலே ஒரு தாய் வினவினாள். இங்கே ஒரு தாய் வினவப்படுகிறாள். பில்லின் தாய் கேட்ட வினாவுக்கு இரண்டு தசாப்தங்கள் கழித்து வந்த மறுமொழியாக இக்காட்சியைக் கொள்ளலாம். மகன் எவ்வாறு வாழ்ந்தமையால் இறந்தான் என்று கேட்ட சமூகத்திடம், அவன் வெட்கித் தலைகுனிந்து வாழுமாறு செய்தோர் யார் என்று திருப்பிக் கேட்கப்படுகின்றது.

இவ்விரு விவாதங்களுக்குமிடையே ஒரு மாற்றம் புலனாகின்றது. 1999இற் பெரிதாக ஒலித்த கேள்வி, ‘இப்பாத்திரங்களைக் கண்டு மற்றவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பர்?’ என்பது. 2021இல் எழுந்த கேள்விகள் பெரும்பாலும் பாத்திரங்களைப் பற்றியவை: இவள் செய்தது சரியா, இவனுடைய பொறுப்பு யாது, இவர்களுடைய வாழ்வில் நாடகாசிரியன் எதைக் காணத் தவறினான். முன்னைய கேள்வி அச்சத்திற் பிறந்தது. பின்னையது சுதந்திரத்திற் பிறந்தது. பார்வையாளரின் இரசனை தானாக உயர்ந்துவிட்டதனால் இம்மாற்றம் ஏற்பட்டதெனக் கொள்ளலாகாது. இடைப்பட்ட காலத்தில் வயதெல்லை சமமாயிற்று. 28ஆம் பிரிவு நீங்கியது. 2014 முதல் இங்கிலாந்தில் ஒரே பாலினத்தார் திருமணம் சட்டபூர்வமாயிற்று. திரையிலே இத்தகைய பாத்திரங்கள் பெருகின. ஒரேயொரு பாத்திரம் மட்டும் இருக்கும்போது அது பிரதிநிதியாகிறது. நூறு பாத்திரங்கள் இருக்கும்போது ஒவ்வொன்றும் மனிதனாகலாம். விமர்சனத்தின் சுதந்திரமும் சமூகத்தின் சுதந்திரத்தையே சார்ந்து நிற்கின்றது.

இவ்வுண்மை இலங்கையருக்கு நேரடியான பொருளுடையது. ஆங்கிலேயர் இந்நாட்டுக்கு வகுத்த 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தம் நாட்டில் நிலவிய விக்டோரியா காலத்து ஒழுக்கக் கண்ணோட்டத்தையும் இங்கு கொண்டுவந்தது. அதன் 365ஆம், 365அ பிரிவுகளின் வழியே தன்பாலுறவு குற்றமெனக் கொள்ளப்பட்டது. இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்தத் தொடங்கியது. இலங்கையிலோ 1995ஆம் ஆண்டுத் திருத்தம், ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்ற பொதுச் சொல்லை இட்டுப் பெண்களையும் அக்குற்றத்தின் எல்லைக்குட் கொண்டுவந்தது. இப்பிரிவுகளைத் திருத்துவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது 2023ஆம் ஆண்டு மே மாதத்திலேயே. சட்டம் ஒருவனைக் குற்றவாளியெனக் குறிக்கும் நாட்டில், அவனைப் பற்றி எழுதப்படும் கதை ஒவ்வொன்றும் வழக்குரையாக வாசிக்கப்படும். எழுதுபவனும் அஞ்சுவான், வாசிப்பவனும் அஞ்சுவான், விமர்சகனோ கதையை விட்டுவிட்டுக் கதாபாத்திரத்தின் நன்னடத்தையை எடைபோடுவான்.

ஆகவே, ஒடுக்கப்பட்டோரைச் சித்திரிக்கும் எந்தப் படைப்பையும் அணுகும்போது, ‘இது அவர்களுக்கு நற்பெயர் தருமா?’ என்ற வினாவைச் சற்றே ஒதுக்கி வைத்து, ‘இவர்கள் இவ்வாறு வாழ நேர்ந்தமைக்கான காரணங்களை இது காணச் செய்கின்றதா?’ என்ற வினாவை எழுப்புதல் வேண்டும். ‘குயர் அஸ் ஃபோக்’ நாடகத்துக்கு இவ்வளவுகோலைப் பிரயோகித்தால், நேதனைப் பொறுத்தவரையில் அது தவறியது. நோயைப் பொறுத்தவரையில் மௌனத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குரிய விலையைக் கொடுத்தது. வின்ஸின் அச்சத்திலும் ஸ்ருவார்ட்டின் கவசத்திலும் பில்லின் தாயின் வினாவிலும் வெற்றி கண்டது. குறையற்ற மனிதருக்கு மட்டுமே உரிமை உண்டு எனின், உரிமை எவருக்குமே இல்லை. இந்த எளிய உண்மையை வாதத்தினால் நிறுவாமல், குறைகள் மலிந்த இரு நண்பர்களைத் திரையில் நடமாட விட்டதன் மூலம் நிறுவியமையே இந்நாடகத்தின் சாதனை எனலாம்.